சாமி முட்டை சாப்பிடாது

என் மகள் படித்த நர்சரிப் பள்ளிக்கு வீட்டிலிருந்து தின்பண்டம் கொண்டுபோகக் கூடாது. சேர்க்கும்போதே சொல்லிவிட்டார்கள். ஒரு பிள்ளை முந்திரி கொண்டுவரும், பக்கத்துப் பிள்ளை வெறும் டப்பாவைத் திறந்து திறந்து மூடும், அந்தப் பாவம் எங்களுக்கு வேண்டாம், எல்லாருக்கும் ஒரே ஸ்நாக்ஸ், நாங்களே கொடுத்துவிடுகிறோம் என்றார் தாளாளர் அம்மா. எனக்குப் புல்லரித்துப் போனது. எவ்வளவு நியாயமான மனுஷி என்று வீட்டுக்கு வந்து கணவரிடம் பெருமையாகச் சொன்னேன்.

அந்த நியாயம் காலையில் ஒரு தரம், சாயங்காலம் விடுவதற்கு முன் ஒரு தரம் என் பிள்ளையின் வயிற்றுக்குள் போனது. ஒரு நாள் க்ரீம் பிஸ்கட். ஒரு நாள் விரலுக்கு விரல் மாட்டிக்கொண்டு தின்கிற மஞ்சள் குடல் வத்தல். ஒரு நாள் ரோஸ் நிற வேஃபர், ஒரு நாள் ஜாம் தடவிய பன். கூடவே குட்டி டம்ளரில் பவுடர் கரைத்த ஆரஞ்சுத் தண்ணீர். மைதாவையும் சர்க்கரையையும் சாயத்தையும் மாற்றி மாற்றிப் போட்டு வாரத்தை ஓட்டினார்கள். வீட்டுக்கு வந்ததும் அவள் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தாலே அன்றைக்கு என்ன கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரிந்துவிடும். மதியச் சாப்பாட்டு டப்பா வைத்தது வைத்தபடி திரும்பி வரும். கீரைச் சாதம் பிசைந்துகொண்டு பின்னாலேயே ஓடுவேன். "பசிக்கலமா" என்பாள். பொய் இல்லை. அந்தச் சர்க்கரை வயிற்றில் கிடக்கும்போது எங்கிருந்து பசிக்கும்?

அவள் ஆசைப்பட்டுத் தின்ற ஒரே உருப்படியான பொருள் முட்டைதான். வேகவைத்து உரித்துக் கொடுத்தால் வெள்ளையைப் பிய்த்து என் வாயில் திணித்துவிட்டு மஞ்சள் கருவை அவள் வைத்துக்கொள்வாள். அந்த முட்டையையும் நாங்களே பிடுங்கினோம். எப்படி என்று சொல்கிறேன்.

என் கணவர் ஆட்டோ ஓட்டுகிறார். திருத்தணி ரயிலடியில் ஆட்களை ஏற்றி மலைக்கோயிலில் கொண்டுபோய் விடுவது, மறுபடி இறக்கிக்கொண்டு வருவது, இதுதான் பொழுது விடிந்தால் அவர் வேலை. கடைசி சவாரி மலையிலிருந்து என்றால் முருகனை ஒரு நிமிஷம் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, விபூதிப் பொட்டலத்தோடு வருவார். மகள் ஓடிப்போய் அவர் சட்டைப் பையில் கையை விடுவாள். பொட்டலத்தைப் பிரித்து நெற்றியில் ஒரு கோடு இழுத்துக்கொள்வாள். மிச்சம் வாய்க்குள் போய்விடும். முதலில் ஒரு சிட்டிகை. பிறகு உள்ளங்கை நிறைய. பிறகு சாமி அலமாரியில் இருந்த விபூதிக் கிண்ணமே காலையில் காலியாகக் கிடந்தது.

எதிர்வீட்டுப் பெண் பொதட்டூர்பேட்டையில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள். வாயில் பாதி தமிழ், பாதி தெலுங்கு. அவள்தான் ஆரம்பித்துவைத்தாள்.

"யக்கா, நீ வேணா எழுதி வெச்சுக்கோ. வள்ளியே வந்து பொறந்துகீறா உன் வூட்ல. இல்லன்னா இந்த வயசுல எந்தப் புள்ளைக்கு விபூதி மேல இம்மாம் ஆச வரும்?"

முருகன் வள்ளியைக் கட்டிய ஊர் என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தவர்கள் நாங்கள். இதற்குமேல் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமா? என் கணவருக்குக் கால் தரையில் பாவவில்லை. தெருவில் இருந்த பெண்கள் சளிப் பிடித்த கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். "தல்லி, தாயே, எம் புள்ளைக்குக் கொஞ்சம் பூசி வுடும்மா" என்பாள் எதிர்வீட்டுக்காரி. என் மகள் ஒரு விரலால் அந்தக் குழந்தையின் நெற்றியில் பூசிவிட்டு, மற்ற நாலு விரலையும் நக்குவாள். எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். தையல் மெஷினில் உட்கார்ந்தபடி நானும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு ஊரே காவடியும் அரோகராவுமாக இருந்தது. கணவர் மகளைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு படியேறினார். கூட்டத்தில் நசுங்கி சன்னதிக்குப் போனதும், அவளைக் கையில் ஏந்திக் காட்டி, "இவ உன் பொண்ணு சாமி. நான் சும்மா வளக்கறவன்தான்" என்றார். வீட்டுக்கு வந்ததும் சட்டம் போட்டுவிட்டார். இனிமேல் பிள்ளைக்குக் கறி கிடையாது, மீன் கிடையாது, முட்டை கிடையாது.

"முட்டைய மட்டும் வுட்ருங்க. அது ஒண்ணுதான் அவ ஒழுங்கா துன்றா" என்றேன்.

"சாமிக்குக் குடுத்த புள்ளைக்கு முட்டையா? இன்னா பேசற நீ?"

நான் கத்தினேன், பேசாமல் இருந்தேன், அழுதேன். ஒன்றும் நடக்கவில்லை. அவர் நல்ல மனிதர். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். மகள் என்றால் உயிர். அதனால்தான் அவரோடு சண்டை போடவும் முடியவில்லை. அப்பாவும் பெண்ணும் அதை ஒரு விளையாட்டாகவே ஆக்கிக்கொண்டார்கள். சாயங்காலம் ஆட்டோவை நிறுத்தும்போதே ஆரம்பித்துவிடுவார்.

"சாமி முட்ட துன்னுமா?"

"துன்னாது நைனா!"

"சாமி கறி துன்னுமா?"

"துன்னாது!"

"அப்போ சாமி இன்னாதான் துன்னும்?"

"விபூதி!" என்று குதிப்பாள். தெருவே கைதட்டும்.

கொஞ்ச நாளில் குதிப்பது நின்றுவிட்டது. மலைக்கோயில் படியில் எனக்கு முன்னால் ஓடுகிறவள் பாதியிலேயே உட்கார்ந்து, "தூக்குமா" என்றாள். நிறம் வெளுத்துக்கொண்டே வந்தது. அதற்கும் ஊர் ஒரு பெயர் வைத்திருந்தது. "கலராயிக்கினு வர்றா பாருக்கா, மொகத்துல இன்னா ஒரு தேஜஸ்" என்றார்கள். வகுப்பில் பல்பம் காணாமல் போகிறது, உங்கள் பிள்ளைதான் கடித்துத் தின்கிறாள் என்று மிஸ் சொல்லி அனுப்பினார். பல்பம் தின்னாதே என்று முதுகில் ஒன்று வைத்தேன். விபூதி தின்றால் சாமி, பல்பம் தின்றால் அடி. இரண்டும் ஒன்றுதான் என்று எனக்கு எங்கே தெரிந்தது?

ஒரு நாள் காலைப் பிரேயரில் நின்றுகொண்டிருந்தவள் அப்படியே சரிந்துவிட்டாள். போன் வந்ததும் தைத்த துணியை மெஷினிலேயே போட்டுவிட்டு ஓடினேன். நான் போய்ச் சேர்ந்தபோது ஆயா மடியில் படுக்கவைத்து, தெம்பு வரட்டும் என்று ஆரஞ்சுத் தண்ணீரில் க்ரீம் பிஸ்கட்டை நனைத்து ஊட்டிக்கொண்டிருந்தார். அந்த அம்மாவைக் குற்றம் சொல்ல மாட்டேன். கையில் இருந்ததைத்தானே கொடுக்க முடியும்.

அரசு ஆஸ்பத்திரியில் இருந்தது ஒரு பெண் டாக்டர். மகளின் கீழ் இமையைக் கட்டைவிரலால் இழுத்துப் பார்த்தார். "இங்க வாம்மா, நீயே பாரு" என்றார். உள்ளே சிவப்பாக இருக்க வேண்டிய இடம் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்திருந்தது.

"இந்தக் கொழந்த மண்ணு, சாக்பீஸ், சாம்பல், இந்த மாதிரி எதுனா திங்குதா?"

"விபூதி சாப்பிடுவா டாக்டர். சாமிப் புள்ள."

டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "அது பக்தி இல்லம்மா. ஒடம்புல இரும்புச்சத்து தீந்துபோனா கொழந்தைங்க இப்படித்தான் எதையாவது திங்கும். இன்னா வேணும்னு ஒடம்புக்குச் சொல்லத் தெரியாது. கையில கெடைக்கிறத வாயில போட்டுக்கும்" என்றார். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஹீமோகுளோபின் இருக்க வேண்டியதில் பாதிதான் இருந்தது. பூச்சி மாத்திரையும் மருந்தும் எழுதினார். "மருந்து மட்டும் பத்தாது. கீரை, கேழ்வரகு, கடலை வெல்லம், முட்ட, ஈரல் எல்லாம் குடு. வெளிய அந்த பிஸ்கட் கிஸ்கட் எல்லாத்தையும் நிறுத்து. இன்னும் எறங்குச்சுன்னா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி ரத்தம் ஏத்த வேண்டியதுதான். இதயம் தாங்காது. வெளையாட்டா எடுத்துக்காத" என்றார்.

வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்தேன். மகள் என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். பிள்ளை தன் பசியைத் தினமும் என் கண் முன்னால் நக்கிக் காட்டியிருக்கிறது. நாங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்திருக்கிறோம். அங்கேயே வாய்விட்டு அழுதேன். பக்கத்தில் சீட்டுக்குக் காத்திருந்தவர்கள் ஏதோ பெரிய வியாதி என்று நினைத்து நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

மறுநாளே பள்ளிக்குப் போனேன். என் பிள்ளைக்கு மட்டும் ஸ்நாக்ஸ் வேண்டாம், வீட்டிலிருந்து கடலை உருண்டை கொடுத்து அனுப்புகிறேன் என்று கெஞ்சினேன். தாளாளர் அம்மா நாற்காலி போட்டு உட்காரவைத்து, பொறுமையாகக் கேட்டார். பிறகு முடியாது என்றார்.

"ஒரு புள்ள வேற சாப்பிட்டா மத்ததுங்க கேக்கும்மா. அப்புறம் ரூல்னு ஒண்ணு எதுக்கு? உங்க பொண்ணு நல்லா சாப்பிடறாளே, ரெண்டாவது கேட்டு வாங்கி சாப்பிடறா."

"அப்போ எல்லாருக்குமே சுண்டலோ கடலை உருண்டையோ குடுங்க மேடம். உங்க கால்ல வேணா வுழறேன்."

"குடுக்காமலா இருந்தோம்? மொத வருஷம் பச்சப்பயறு சுண்டல்தான் குடுத்தோம். பேரண்ட்ஸ் இன்னா சொன்னாங்க தெரியுமா? இந்தச் சுண்டலத் துன்றதுக்கு கவர்மென்ட் ஸ்கூல்லயே சேத்திருப்போமேன்னாங்க. பாதிப் பேரு டிசி கேட்டாங்க. பிஸ்கட் குடுத்தப்புறம்தாம்மா வாயத் தொறக்கல."

அந்த அம்மா சொன்னது பொய் இல்லை. எங்கள் தெருவிலேயே அப்படிப் பேசியவர்கள் உண்டு. ஜன்னல் வழியாக ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற அரசுப் பள்ளி தெரிந்தது. சத்துணவு நேரம். யூனிஃபார்ம் சாயம் போன பிள்ளைகள் தட்டில் முட்டையை உருட்டி உருட்டி உரித்துக்கொண்டிருந்தார்கள். வேகவைத்த முட்டையின் வாசனை இந்தப் பக்கம்வரை வந்தது.

அதன்பிறகு என்னென்னவோ செய்து பார்த்தேன். கடலை உருண்டையை அவள் பினஃபோர் பைக்குள் ஒளித்து அனுப்பினேன். எறும்பு மொய்க்கிறது என்று மிஸ் திட்டி, அதைக் கவரில் கட்டித் திருப்பி அனுப்பிவிட்டார். கேழ்வரகு மாவில் வெல்லம் போட்டு, அச்சு வைத்து அழுத்தி, பிஸ்கட் மாதிரியே சுட்டேன். ஒரு கடி கடித்துவிட்டு, "உள்ள க்ரீம் எங்கமா?" என்றாள். மருந்தை ஊற்றினால் பாதி துப்பிவிடுவாள். குடித்த பாதிக்கு வயிறு கட்டிக்கொண்டு, உட்கார்ந்த இடத்தில் முக்கி முக்கி அழுவாள். ஸ்கூலை மாற்றலாம், ரோட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்க்கலாம் என்றால் கணவர் காதைப் பொத்திக்கொண்டார். "ஆட்டோக்காரன் புள்ளதானேன்னு நாலு பேரு பேசறதுக்கா நான் மலைக்கும் கீழுக்கும் அலையறேன்?" என்றார்.

டாக்டர் சொன்னதையும் அவர் நம்பவில்லை. "அந்தம்மாவ ஆஸ்பத்திரி சவாரில பாத்துகீறேன். நெத்தி மொழுக்குனு கீது. அவங்களுக்கு சாமின்னா இன்னா தெரியும்?"

"புள்ள கண்ணுக்குள்ள பாருங்க. அதுல இன்னா கீதுன்னு பாருங்க."

பார்த்தார். முகம் மாறியது. ஆனாலும் தலையை ஆட்டினார். "குடுத்தத எப்படிடி திரும்பி வாங்கறது? சன்னதில நின்னு குடுத்தேன். இப்போ முட்டையக் குடுத்து அதுக்கு எதுனா ஆச்சுன்னா?"

"ஆயிக்கினுதான் கீது!" என்று கத்தினேன். "கண்ணு முன்னாடி ஆயிக்கினுதான் கீது. இன்னும் இன்னா ஆவணும் உங்களுக்கு?"

அவர் ஆட்டோவை எடுத்துக்கொண்டு போய்விட்டார். விபூதிப் பொட்டலம் கொண்டுவருவதை மட்டும் நிறுத்தினார். எனக்காக அவர் விட்டுக்கொடுத்தது அவ்வளவுதான். மகள் சட்டைப் பையைத் துழாவிவிட்டு, வெறும் கையோடு நிற்பாள்.

அவர் இல்லாத ஒரு லீவு நாள் மதியம் நான் முட்டையை வேகவைத்தேன். சத்தியமோ சாபமோ என் தலையில் விடியட்டும் என்று உரித்து, மஞ்சள் கருவை மட்டும் எடுத்து, உப்பும் மிளகும் தூவி நீட்டினேன். வாசனை பட்டதும் அவள் வாயில் எச்சில் ஊறியது. தொண்டை ஏறி இறங்கியதை என் கண்ணால் பார்த்தேன். ஆனால் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சாமி முட்ட துன்னாதும்மா."

"நான் சொல்றேன்டி தங்கம், துன்னு. ஒண்ணும் ஆவாது."

"நைனா சொல்லணும்" என்றாள் கைக்குள்ளிருந்து.

கெஞ்சினேன். மிரட்டினேன். கன்னத்தைப் பிடித்து அழுத்தித் திணிக்கப் பார்த்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டி ஆட்டி, கடைசியில் மூச்சு வாங்கிச் சுவரில் சாய்ந்துவிட்டாள். மஞ்சள் கரு என் விரல்களில் அப்பிக் கிடந்தது. இதற்குமேல் என்னால் ஆவது ஒன்றும் இல்லை, அந்த மனிதர் வாயைத் திறந்தால்தான் உண்டு என்று அப்போது தெரிந்துவிட்டது. முருகா, அந்த ஆளுக்கு நீயாவது புத்தி சொல்லேன் என்று சாமி அலமாரியைப் பார்த்துக் கத்தினேன்.

அதற்கடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மலைக்கு நல்ல கூட்டம். கணவர் சவாரி முடித்து மதியம் வந்து, சாப்பிட்டு, கூடத்தில் பாய் போட்டுப் படுத்தார். நெற்றியில் காலையில் பூசிய மூன்று பட்டை அப்படியே இருந்தது. நான் மெஷினில் பிளவுஸுக்குக் கை ஏற்றிக்கொண்டிருந்தேன். மகள் சுவரோரமாக நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தூங்கிவிட்டார் என்று தெரிந்ததும் மெதுவாகப் போய் அவர் தலைமாட்டில் மண்டியிட்டாள். முத்தம் கொடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். குனிந்து, அவர் நெற்றியை நக்க ஆரம்பித்தாள்.

ஒரு பட்டை, அடுத்த பட்டை என்று விடாமல் நக்கினாள். விபூதி தீர்ந்த இடத்தில் வெறும் தோலையும் நக்கினாள். நான் கத்த வாயெடுத்தேன். அதற்குள் அவர் கண்ணைத் திறந்துவிட்டார். அவர் அசையவில்லை. கண்ணை மட்டும் மேலே தூக்கி, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். அவள் அதைக் கவனிக்கவே இல்லை. அவள் வேலையிலேயே இருந்தாள். அவர் கண்ணிலிருந்து நீர் காதுப்பக்கம் வழிந்து தலையணையில் இறங்கியது.

"பசிக்குதாம்மா?" என்றார்.

அவள் திடுக்கிட்டுப் பின்னால் நகர்ந்தாள். "இல்ல நைனா. பசிக்கல" என்று வாயைத் துடைத்துக்கொண்டாள்.

அவர் எழுந்து முகம் கழுவினார். நெற்றியில் மிச்சமிருந்ததையும் துண்டால் அழுத்தித் துடைத்தார். செருப்புக்கூடப் போடாமல் தெருமுனைக் கடைக்குப் போய் முட்டை வாங்கி வந்தார். ஆடிக் கிருத்திகைக்குப் பின் எங்கள் வீட்டுக்குள் அவர் கையால் வந்த முதல் முட்டை அது. அடுப்பில் தண்ணீர் கொதிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். நான் உரிக்கப் போனேன், விடவில்லை. சூட்டோடு சூடாக அவரே உரித்தார். அவசரத்தில் பாதி வெள்ளை ஓட்டோடு போய்விட்டது. மஞ்சள் கருவை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவள் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

அவளுக்கு விளையாட்டு ஞாபகம் வந்துவிட்டது. பாவம், அவர் கேட்பதற்கு முன்னாலேயே சிரித்துக்கொண்டு சொன்னாள்.

"சாமி முட்ட துன்னாது!"

"நீ சாமி இல்லம்மா" என்றார். "நைனா தப்பா சொல்லிட்டேன். நீ சாமி இல்ல. நீ எம் பொண்ணு. துன்னும்மா."

அவள் சிரிப்பு நின்றது. அவர் முகத்தைப் பார்த்தாள். துடைத்து வெறுமையாகக் கிடந்த நெற்றியைப் பார்த்தாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சேலை முனையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன்.

"நான் இன்னா தப்பு பண்ணேன் நைனா?" என்றாள்.

அவர் முட்டை வைத்திருந்த கையை மட்டும் நீட்டியபடி இருந்தார். அவள் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு, மிஸ் திட்டினால் எப்படி உட்காருவாளோ அப்படி, சுவரோரமாகப் போய்க் கால் மடக்கி உட்கார்ந்து, இரண்டு கையையும் கட்டிக்கொண்டு, வாயைத் திறந்தாள்.